எது முதல், எது பிறகு

அவளோடு ஒரே வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நான் இருந்தேன், அதனால் சொல்கிறேன். வவுனியாவில் குருமன்காட்டுப் பக்கம் ஓர் அன்ரியின் வீட்டுப் பின்பாதியை நாங்கள் இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். இரண்டு பேருக்கும் பல்கலைக்கழகத்தில், பௌதிகவியல் பிரிவில் வேலை. எனக்கு ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டுகிற தற்காலிக வேலை. அவள் விரிவுரையாளர், ஆனால் இன்னும் நிரந்தரமாகவில்லை. கலாநிதிப் பட்டத்தை முடித்தால்தான் நிரந்தரம். முடிக்கக் கொடுத்த காலம் போய், நீட்டிக் கொடுத்த காலமும் முடியப்போகிற நேரம் அது. முடிக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு தன் ஊர் முள்ளியவளைக்குப் போகவேண்டியதுதான்.

வேலையால் வந்து பையைக் கதிரையில் எறியும்போதே யாரையாவது திட்டத் தொடங்குகிற பழக்கம் எனக்கு. ஒருநாள் அலுவலகக் கிளாக்கர் என்னை எல்லாருக்கும் முன்னால் ஏசிப்போட்டார். கொதித்துக்கொண்டு வந்து சொல்லத் தொடங்கினேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நில்லு. அவர் முதல் கத்தினவரோ, நீ முதல் கத்தினனியோ?"

"அது இப்ப முக்கியமோ?"

"அதுதான் முக்கியம். நீ கத்தி அவர் கத்தினால் ஒரு கதை. அவர் கத்தி நீ கத்தினால் வேறை கதை. சத்தம் ஒண்டுதான். கதை ஒண்டில்லை."

நான்தான் முதலில் கத்தினேன் என்பது வேறு விசயம். அதை நான் ஏன் அவளுக்குச் சொல்லவேண்டும்? குசினிக்குள் போய்ச் சட்டியை டாம் என்று வைத்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது, ஒன்றும் பேசாமல் பருப்பைக் கிளறினாள். அந்தப் பேசாமல் கிளறுகிறதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நெடுக இப்படித்தான். கலியாண வீட்டுக் கதை, பஸ்ஸில் நடந்த சண்டை, அன்ரியின் மருமகள் கோபித்துக்கொண்டு போனது, எதைச் சொன்னாலும் நடுவில் மறித்து "எது முதல்?" என்பாள். பகிடிக்கு நான் ஒருநாள், "முந்தி வந்த செவியைப் பிந்தி வந்த கொம்பு மறைச்சதாம்" என்றேன். "மறைச்சாலும் செவிதான் முந்தி வந்தது" என்று பதில் வந்தது. இந்த ஆளோடு என்ன பகிடி விடுகிறது?

அவளுடைய ஆராய்ச்சியும் அதே கேள்விதான். இரண்டு தாயங்களைப் பெருக்கும்போது எது முதல் வருகிறது என்பது. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அதைத் தாயம் என்றுதான் படிப்பித்தார்கள், எண்களை நிரையும் நிரலுமாய் அடைப்புக்குள் அடுக்கிவைப்பதை. அவளுடைய ஐயா வயல் செய்கிறவர், மகள் படித்த சொல்லைப் பெருமையாய் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: "மகள் தாயத்திலை ஆராய்ச்சி." ஊருக்குத் தெரிந்த தாயம் சோழி உருட்டுகிற தாயம். ஒரு திருவிழாவுக்கு நானும் அவளோடு முள்ளியவளைக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் ஒரு மாமி அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இவ்வளவு படிச்சுப்போட்டுத் தாயமோ உருட்டுறாய்? சரி, உனக்கு நினைச்ச நேரம் ஒண்டு விழுமோ?"

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "இல்லை மாமி. மூண்டிலை ஒண்டுதான் விழும்."

மாமி யோசித்துக்கொண்டே போனார். நான் தேர் நிற்கிற தேர்முட்டியடியில் குந்தியிருந்து கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் எனக்குத் தாயக்காரி.

அந்த மூன்றிலொன்று பகிடியில்லை. மெல்லிய தகடு ஒன்றில் எலெக்ட்ரோன் என்கிற இலத்திரன்களை அடைத்து, நன்றாகக் குளிராக்கி, பலமான காந்தப்புலத்தையும் கொடுத்தால் அவை தனித்தனியே திரிவதை விட்டு எல்லாம் சேர்ந்து ஒரு திரவமாகிவிடும். அமுக்கினாலும் அமுங்காத திரவம். அப்போது அளந்து பார்த்தால் மின்னேற்றம் மூன்றிலொரு பங்காய்த் தெரியும். ஓர் இலத்திரனையும் ஒருவரும் வெட்டவில்லை, ஆனாலும் மூன்றிலொன்று. இவ்வளவும் எனக்கும் தெரியும், நானும் பௌதிகவியல் படித்தவள்தானே. அதற்கு மேலே அவள் செய்ததைத்தான் அந்தத் திருவிழாவுக்கு மறுநாள் அவர்களுடைய வயல் வரம்பில் வைத்து எனக்குச் சொன்னாள்.

"ஒவ்வொரு இலத்திரனும் நிக்கிற இடத்தை ரெண்டு எண்ணாலை சொல்லலாம் எல்லோ, கிழக்கு மேற்கு ஒண்டு, வடக்கு தெற்கு ஒண்டு. நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை. எல்லாத்துக்கும் சேத்து ரெண்டு தாயம் வைக்கிறம். சும்மா எண்ணெண்டால் மூண்டை நாலாலை பெருக்கினாலும் நாலை மூண்டாலை பெருக்கினாலும் ஒண்டுதான். தாயம் அப்பிடியில்லை. எதை முதல் வைக்கிறாய் எண்டதிலை விடை மாறும். அந்த வித்தியாசம் இருக்கிறபடியால்தான் ஒவ்வொண்டுக்கும் நிக்க இடம் இருக்கு. இல்லாட்டி எல்லாம் ஒண்டுக்கு மேலை ஒண்டு விழுந்திடும்."

வயலில் தண்ணீர் கட்டியிருந்தது. அவள் அதைக் காட்டினாள். "இதிலை ஒவ்வொரு துளிக்கும் ஒரு பேர் வை. பிறகு பேரை எல்லாம் மாத்தி வை. வயலுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"பேரை மாத்தினாலும் மாறாமல் இருக்கிறதுதான் உண்மையானது. அப்பிடிப் பேர் மாத்திறதைத்தான் கேஜ் எண்டு சொல்லுறது. பேர் மாறலாம். ஒழுங்கு மாறேலாது."

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதாததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம்.

அதே பயணத்தில்தான் ஒரு செத்தவீடும். இரண்டு வீடு தள்ளி ஒரு மனுசன் முதல்நாள் பின்னேரம் வளவுக்குள் விழுந்து செத்துப்போனார். நாங்களும் போனோம். பெண்சாதி பாயில் இருந்தபடி, வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். குசினி வாசலால் இறங்கினவர், நெஞ்சைப் பிடித்தவர், விழுந்தவர். சொல்லிச் சொல்லிக் குரல் அடைத்திருந்தது. இவள் பக்கத்தில் இருந்தாள். நான் பயந்த மாதிரியே நடந்தது.

"மாமி, நெஞ்சைப் பிடிச்சுப்போட்டு விழுந்தவரோ, விழுந்துபோட்டு நெஞ்சைப் பிடிச்சவரோ?"

அந்த மனுசியின் வாய் அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெதுவாய், "நான் அப்பத்தான் அந்த வாசற்படி கழுவினனான், ஈரம் காயேல்லை" என்றார். யாருக்கும் சொன்ன மாதிரி இல்லை. சுற்றியிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு படலைக்கு வெளியே வந்தேன்.

"உனக்கு விசரோ? செத்தவீட்டிலை கேக்கிற கேள்வியே?"

"அவா அதைத்தான் விடிய விடிய யோசிச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. ஒருத்தரும் கேக்கேல்லை. நான் கேட்டனான்."

"கேட்டு என்ன கண்டனி?"

அவள் படலையைச் சாத்திவிட்டு நடந்தாள். எனக்கு அவள்மீது அவ்வளவு கோபம். ஒரு பயமும் இருந்தது, உண்மையைச் சொன்னால். இவளோடு ஒரு வீட்டில் இருக்கிறேனே, நாளைக்கு என்னிடம் எதைக் கேட்பாளோ என்று.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தது அவளுடைய ஐயாவிடம். அதை எனக்குச் சொன்னது வவுனியாவில், முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். சண்டையின் கடைசி மாதங்களில் அவர்கள் உடையார்கட்டில் ஒரு பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், இருந்தார்கள். ஐயா, அம்மா, இவள். இவள் சின்னப்பிள்ளை. ஒருநாள் அம்மா வெளியே போனார், இவளும் வெளியே போனாள், ஷெல் விழுந்தது, அம்மா திரும்பி வரவில்லை. இவளுக்கு அந்த நாளில் ஒன்றுமே ஞாபகமில்லை. ஐயா சொல்லித்தான் தெரியும்.

"அம்மா தண்ணி அள்ளப் போனவாவாம். நான் பின்னாலை ஓடினனானாம். ஐயா என்னை இழுத்து உள்ளுக்கை போட்டவராம். அப்பிடித்தான் சொல்லுறவர். ஆனா ஒருக்கா வாளியோடை போனவா எண்டார், ஒருக்கா குடத்தோடை எண்டார். ஒருக்கா 'நீ ஓட' எண்டு தொடங்கிப்போட்டு, நிப்பாட்டி, 'அம்மா போக' எண்டு மாத்தினார். ஒழுங்கு பிசகுது."

"விடன் அதை. எது முதல் எண்டால் என்ன, அம்மா திரும்பி வரப்போறாவோ?"

"வரமாட்டா. ஆனா எந்த அம்மா செத்தவா எண்டு எனக்குத் தெரியவேணும். தண்ணிக்குப் போன அம்மாவோ, எனக்குப் பின்னாலை வந்த அம்மாவோ."

இலையை ஆய்கிற கை நிற்கவில்லை. என்னுடைய கைதான் நின்றுவிட்டது. இவள் முதலில் போயிருந்தால் அம்மா செத்தது இவளால் என்று ஆகும். அதைத் தெரிந்துகொள்ள யாராவது ஆசைப்படுவார்களா? அவள் ஆசைப்பட்டாள். ஐயாதான் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாராம்.

வைவா, அதாவது ஆய்வேட்டை எழுதிக் கொடுத்தபிறகு பரிசோதகர்கள் கேள்வி கேட்கிற அந்த நாள், குறித்தாகிவிட்டது. அதற்கு ஒரு கிழமை முன்னால் ஐயா வரம்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். இவள் லப்ரொப்பையும் தூக்கிக்கொண்டு முள்ளியவளைக்குப் போனாள். வைவா ஒன்லைனில் தானே, அங்கிருந்தே செய்யலாம் என்று ஏற்பாடு. அங்கே இருந்து ஒருநாள் எனக்குப் போன் வந்தது. குரல் வழமையான குரல்தான்.

"நாலாம் அத்தியாயத்திலை ஒரு இடத்திலை பிழை விட்டிட்டன்."

என்ன பிழை என்று கேட்டேன். அவள் சொன்ன பிழை இன்னொருவருக்கு வந்திருக்காது, எங்களைப்போலத் தமிழில் படித்து, தமிழில் யோசித்து, கணக்கை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்களுக்குத்தான் வரும். சோற்றைப் போட்டுக் கறியை விடு என்றால் எங்களுக்குச் சோறுதான் முதல், சொல்லிலும் சோறு முதல். தாயத்தில் எழுதுவது எதிர்ப்பக்கம். வலது ஓரத்தில் கடைசியாய் நிற்பதுதான் முதலில் வேலை செய்யும். ஓர் இரவு களைப்பில், மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறாள். முதலில் செய்ய வேண்டியதை முதலில் எழுதிவிட்டாள். ஒரே ஓர் இடத்தில். அதைத் திருத்தினால் கடைசி விடையில் ஒன்று பிசகும், மூன்றிலொன்று போன்ற அந்தப் பின்னம் மாறும். பரிசோதனையில் மற்றவர்கள் அளந்த பின்னமும் இவளுடைய பின்னமும் பொருந்தியதுதான் அந்த ஆய்வேட்டின் உயிரே. அது போய்விடும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதேதான்.

அவளுடைய மேற்பார்வைப் பேராசிரியர் தெற்கில் வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்தார், நல்ல மனிதர். அவருக்கும் சொல்லியிருக்கிறாள். இப்போது வாயைத் திறக்காதே, ஒருவரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் ஒழுங்கை அப்படி எழுதுவது உன் வழக்கம் என்று சொல், பட்டம் கையில் வந்தபிறகு திருத்திக்கொள்ளலாம் என்றாராம். நானும் அதையேதான் சொன்னேன்.

"உன்ரை வேலை போயிடும். விளங்குதோ? ஐயா காலை முறிச்சுக்கொண்டு கிடக்கிறார். வயலும் செய்யேலாது. சம்பளமும் போனால் என்ன செய்யப்போறாய்?"

"விளங்குது."

"அப்ப கேட்டால் வழக்கம் எண்டு சொல்லு."

"அது வழக்கமில்லை. பிழை."

பிடித்த முயலுக்கு மூன்று கால். நான் போனை வைத்துவிட்டு, அடுத்தநாள் விடிய முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன்.

வைவா பிற்பகலில். அறைக்குள் லப்ரொப்புக்கு முன்னால் அவள், யன்னலுக்கு இந்தப் பக்கம் விறாந்தையில் மாவுக்கட்டுக் காலோடு கதிரையில் ஐயா. அவளுடைய போனில் இணைப்பு அறுந்தால் கொடுக்க என்று என்னுடைய போனைக் கையில் பிடித்தபடி நான். கரண்டும் ஒருக்கால் போய் வந்தது. மூன்று பேரும் வியர்த்துக்கொண்டிருந்தோம். ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் யன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தொடக்கத்தில் நன்றாகத்தான் போனது. கேள்விக்கெல்லாம் கணீரென்று பதில். எனக்கு மூச்சு வந்தது. ஒருவரும் நாலாம் அத்தியாயத்துக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பரிசோதகர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. இந்த இடத்தில் இரண்டு தாயங்களும் மாறி நிற்கின்றனவே, அது நீங்கள் எழுதுகிற வழக்கம்தானே என்று கேட்டார். பதிலையும் அவரே கையில் தந்துவிட்டார். ஓம் என்று சொன்னால் போதும்.

ஐயா என் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ளை, ஏன் பேசாமல் இருக்கிறாள்? என்ன கேட்டவை?"

"எது முதல் எண்டு கேக்கினம், ஐயா."

அவர் முகம் கறுத்துப்போனது. "மாத்திச் சொன்னால்?"

"மாத்திச் சொன்னால் பாஸ். உள்ளதைச் சொன்னால் வேலை போயிடும்."

ஐயா யன்னலைப் பார்த்தார். "அவள் மாத்தமாட்டாள்" என்றார். அப்போது உள்ளேயிருந்து அவளுடைய குரல் கேட்டது. வழக்கம் இல்லை, பிழை, திருத்தினால் விடை பொருந்தாது, போன கிழமைதான் கண்டுபிடித்தேன் என்று ஆங்கிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சொன்னாள். எனக்கு அந்த யன்னற்கம்பியில் தலையை இடிக்கவேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது, இரண்டையும்விடக் கோபம்தான் கூட வந்தது.

அவர்கள் தங்களுக்குள் கதைத்துவிட்டு முடிவு சொன்னார்கள். நேர்மையைப் பாராட்டுகிறோம், அத்தியாயத்தைத் திரும்பச் செய்து புதிதாய் வைவாவுக்கு வரவேண்டும். அதாவது வேலைக்குக் கொடுத்த காலம் கடந்தபிறகு. வேலை போனதுதான். அடுத்த வருடம் அவள் ஆய்வேட்டை முடித்தாள். விடை கடைசிவரை பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்பதையே ஓர் அத்தியாயமாய் எழுதிப் பட்டம் வாங்கினாள். நான் இப்போது கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அவள் வெளிநாட்டில் இருக்கிறாள். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்றைக்கு அவள் லப்ரொப்பை மூடிவிட்டு விறாந்தைக்கு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் நிலத்தில் இருந்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. "முடிஞ்சுது" என்றாள். நான் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும் என்று என் போனைப் பைக்குள் வைத்தேன். ஐயா கதிரைக் கைப்பிடியைப் பிடித்து எழும்பப் பார்த்தார். மாவுக்கட்டுக் கால் விடவில்லை. மாட்டடிக்குப் போக வழியில்லாமல் அப்படியே திரும்ப இருந்தார்.

"மோனை" என்றார். "நீதான் முதல் போனனி."

அவள் நிமிர்ந்தாள்.

"வெளியிலை உன்ரை செருப்பு கிடந்தது. புதுச் செருப்பு. அதை எடுக்கப் போறன் எண்டு ஓடிப்போட்டாய். நான் காயத்தோடை கிடந்தனான், எழும்பேலாது. அம்மா உனக்குப் பின்னாலை வந்தவா." மாவுக்கட்டைத் தடவினார். "அது உனக்குத் தெரியக்கூடாது எண்டுதான் மோனை நான் மாத்தினனான். தண்ணிக்குப் போனவா எண்டு."

எனக்கு அந்த மனிதர்மீது அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வேலையும் போன அதே மணித்தியாலத்தில்தானா இதையும் போடவேண்டும்? நான் அவளுடைய தோளைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"பிடிச்சவாவோ?" என்று கேட்டாள்.

"என்ன?"

"அம்மா என்னைப் பிடிச்சவாவோ?"

"ஓம். பிடிச்சவா. தூக்கிப் பங்கருக்குள்ளை எறிஞ்சவா. என்ரை காலிலைதான் வந்து விழுந்தனி. அவா இறங்கக் காலை வைக்கேக்கைதான் ஷெல் விழுந்தது."

"எறிஞ்சுபோட்டோ? எறிஞ்ச பிறகோ விழுந்தது?"

"பிறகுதான், மோனை. உன்னை எறிஞ்ச பிறகுதான்."

அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள். நான் போனனான். அம்மா வந்தவா. பிடிச்சவா. எறிஞ்சவா. பிறகு விழுந்தது. இத்தனை வருடமும் ஐயா அவளிடமிருந்து பழியை மறைக்கிறேன் என்று நினைத்து, அந்த எறிதலையும் சேர்த்து மறைத்துவிட்டார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அழுது நான் முன்பு பார்த்ததில்லை. ஐயாவின் நல்ல காலில் முகத்தை வைத்து, சத்தம் போட்டு அழுதாள். அவர் அவளுடைய தலையில் கையை வைத்துக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

கொஞ்சம் அடங்கினபிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, ஐயா."

ஐயா முதலிலிருந்து சொன்னார்.